படைப் பொறியாளராக விரும்புபவர்களுக்கு: பெருமிதத்தை எங்கே வைப்பது, எந்த வாசலில் நுழைவது

பொறியியல் படித்த பிள்ளை ராணுவத்தில் சேரப் போவதாகச் சொன்னால், நம் வீடுகளில் பொதுவாக இரண்டு மறுப்புகள் எழும். இதற்காகவா இவ்வளவு செலவு செய்து படிக்க வைத்தோம் என்பது பெற்றோரின் மறுப்பு. அங்கே போனால் படித்த படிப்பு துருப்பிடித்துவிடும் என்பது உடன் படித்தவர்களின் மறுப்பு. முதலாவதற்குச் சம்பள விவரத்தைக் காட்டிப் பதில் சொல்லிவிடலாம். ராணுவ அகாதெமியில் அதிகாரிப் பயிற்சி பெறும்போதே மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை, லெப்டினன்ட் ஆனதும் அதே தொகையில் தொடங்கும் அடிப்படை ஊதியம், அதன்மேல் 15,500 ரூபாய் ராணுவப் பணி ஊதியம், அகவிலைப்படி எனக் கூட்டிப் பார்த்தால், பெரும்பாலான கேம்பஸ் வேலைகளுக்கு அது இளைத்ததன்று. இரண்டாவது மறுப்பு அவ்வளவு எளிதில் தீராது. அது ஒரு பொறியாளரின் தொழில் பெருமிதத்தைத் தொடுகிறது. அதில் பாதி உண்மையும் இருக்கிறது. ஆகவே விண்ணப்பப் படிவத்துக்கு முன்னால் அந்தப் பெருமிதத்தைத்தான் எடுத்துப் பார்க்க வேண்டும்.

உங்கள் பெருமிதம் எதில் இருக்கிறது

பொறியாளர்களுக்குத் தொழில் கர்வம் உண்டு. அது இருக்கவும் வேண்டும். ஆனால் அது எல்லோருக்கும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. முன்பு இல்லாத ஒன்றை வடிவமைத்து, கணக்கும் பொருளும் பிசிறில்லாமல் பொருந்துவதைப் பார்ப்பதில் ஒருவருக்கு நிறைவு. தாம் கட்டியது தமக்குப் பிறகும் ஐம்பது ஆண்டுகள் விரிசலின்றி நிற்க வேண்டும் என்பதில் இன்னொருவருக்கு நிறைவு. கையில் கிடைத்த பொருளை வைத்து, கொடுத்த நேரத்துக்குள், தேவைப்பட்ட இடத்தில் வேலையை முடித்துக் கொடுப்பதில் மூன்றாமவருக்கு நிறைவு. ராணுவத்தின் பொறியாளர் படைப்பிரிவு இந்த மூன்றாம் வகையினருக்கான இடம். முதல் வகையினர் அங்கே சென்று சில ஆண்டுகளில் சலிப்படைவதில் வியப்பில்லை, அவர்களுக்குப் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் ஆய்வகங்கள் இருக்கின்றன. இரண்டாம் வகையினருக்கு எம்.இ.எஸ். என்னும் ராணுவப் பொறியியல் சேவையும், பி.ஆர்.ஓ. என்னும் எல்லைச் சாலைகள் அமைப்பும் இருக்கின்றன. நாட்டுப் பாதுகாப்புக்குப் பொறியியல் செய்ய வேண்டுமானால் சீருடை போட்டே ஆக வேண்டும் என்பதில்லை. அதைப் பலர் தாமதமாகத்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

மூன்றாம் வகைப் பெருமிதம் எப்படிப்பட்டது என்பதற்கு அண்மைய எடுத்துக்காட்டு வயநாடு. 2024 ஜூலை 30 அதிகாலையில் முண்டக்கையையும் சூரல்மலையையும் நிலச்சரிவு அடித்துச் சென்றபோது, இரண்டு ஊர்களையும் இணைத்த பாலமும் போய்விட்டது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் சாப்பர்ஸ் (படைப் பொறியாளர்களுக்கு ராணுவத்தில் ‘சாப்பர்’ என்று பெயர்) படையினர் ஜூலை 31 இரவில் வேலையைத் தொடங்கி, ஆகஸ்ட் 1 மாலைக்குள் 190 அடி நீளமுள்ள பெய்லி பாலத்தைக் கட்டி முடித்தார்கள். 24 டன் வகைச் சுமையைத் தாங்கும் அந்தப் பாலத்தின் வழியாகத்தான் மண் அள்ளும் இயந்திரங்களும் ஆம்புலன்சுகளும் அக்கரைக்குச் சென்றன. அந்தப் பணியில் முன்நின்ற மேஜர் சீதா ஷெல்கேயின் படம் நாடெங்கும் பரவியது.

அந்தப் பாலத்தின் வடிவமைப்பில் புதுமை எதுவும் இல்லை. டொனால்ட் பெய்லி என்ற ஆங்கிலேயப் பொறியாளர் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வகுத்த அதே முறைதான். பத்து அடி நீளமும் ஏறக்குறைய ஐந்தடி உயரமும் கொண்ட இரும்புச் சட்டம்தான் அதன் அடிப்படைத் துண்டு. அதன் எடை சுமார் 260 கிலோ என்பதால் ஆறு பேர் தூக்கிவிடலாம், கிரேன் தேவையில்லை. சட்டங்களை ஒன்றோடொன்று ‘பின்’ என்னும் இரும்பு முளை அடித்துக் கோத்து, உருளைகளின் மேல் வைத்து, மொத்த அமைப்பையும் கரையிலிருந்து ஆற்றின் மேலாகத் தள்ள வேண்டும். முன்முனையில் தளப்பலகை இல்லாத வெறும் எலும்புக்கூடாக ஒரு மூக்கைக் கோத்து வைப்பார்கள். பாலத்தின் எடைமையம் எப்போதும் உருளைகளுக்குப் பின்னாலேயே இருக்க வேண்டும் என்பதுதான் அதற்குக் காரணம். மூக்கு அக்கரையைத் தொடும்வரை அந்தக் கணக்கு ஒரு கணமும் தவறக் கூடாது. தவறினால் பாலம் ஆற்றுக்குள் கவிழும்.

சட்டங்களைக் கோக்கும் பின்னின் தலையில் ஒரு சிறு கோடு வெட்டப்பட்டிருக்கும். பின்னின் மறுமுனையில் உள்ள காப்பு ஊசித் துளை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை அந்தக் கோடு காட்டும். கோடு கிடைமட்டமாக இருக்கும்படி பின்னை அடித்தால்தான் காப்பு ஊசியை மாட்டக் கை நுழையும்; வேறு கோணத்தில் அடித்துவிட்டால் சட்டத்தின் விளிம்பு தடுக்கும், பின்னைக் கழற்றி மறுபடி அடிக்க வேண்டும். மழையில், இருட்டில், விளக்கு வெளிச்சத்தில், நூற்றுக்கணக்கான பின்களில் ஒவ்வொன்றின் தலையையும் பார்த்துக்கொண்டு போகும் கண்தான் படைப் பொறியாளருக்குத் தேவையான கண். இதில் என்ன பொறியியல் இருக்கிறது என்று கேட்கத் தோன்றுகிறவர், நேர்மையாக, வேறு வாசலைத் தேர்ந்தெடுக்கலாம். இதுதான் பொறியியல் என்று தோன்றுகிறவர் தொடர்ந்து படிக்கலாம்.

இந்தப் படை எங்கிருந்து வருகிறது

விண்ணப்பிப்பதற்கு முன் வரலாற்றைச் சிறிதாவது அறிந்திருப்பது நல்லது. நேர்முகத் தேர்விலும் அது கேட்கப்படலாம். பொறியாளர் படைப்பிரிவில் மூன்று குழுக்கள் இருக்கின்றன: பெங்களூரில் மெட்ராஸ் சாப்பர்ஸ், ரூர்க்கியில் பெங்கால் சாப்பர்ஸ், புனேயை அடுத்த கிர்க்கியில் பாம்பே சாப்பர்ஸ். மூன்றில் மூத்ததான மெட்ராஸ் சாப்பர்ஸ், 1780-இல் மெட்ராஸ் பயோனியர்ஸ் என்ற பெயரில் திரட்டப்பட்ட இரண்டு கம்பெனிகளிலிருந்து தொடங்குகிறது. தென்னிந்தியர்கள் நிறைந்த அந்தப் படையினரை ராணுவம் முழுவதும் இன்றும் ‘தம்பி’ என்றுதான் அழைக்கிறது. முள்வேலித் தடுப்பைத் தூரத்திலிருந்தே தகர்க்க, வெடிமருந்து நிரப்பிய குழாய்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து வேலிக்கு அடியில் தள்ளும் ‘பெங்களூர் டார்பிடோ’ என்ற கருவியை 1912-இல் உருவாக்கியவர் அந்தப் படையின் கேப்டன் மெக்லின்டாக். உலகின் பல படைகள் அதைக் கையாண்டன. ஆய்வகத்தில் பிறக்காத, களத்தின் தேவையில் பிறந்த கருவி அது.

இந்தத் தொழிலில் பெருமிதத்துக்குக் கொடுத்த விலையும் உண்டு. 1944 பிப்ரவரியில் இத்தாலியின் மிக்னானோ அருகே கண்ணிவெடி வயலில் பாதை திறந்துகொண்டிருந்தபோது, கூட வந்தவரின் காலடியில் வெடி தூண்டப்பட்டதை உணர்ந்து, அதன்மேல் விழுந்து மற்றவர்களைக் காப்பாற்றி உயிர்விட்டார் மெட்ராஸ் சாப்பர்ஸின் தமிழரான சுபேதார் சுப்பிரமணியன். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது வழங்கப்பட்டது. 1948 ஏப்ரலில் நௌஷேராவிலிருந்து ரஜௌரி நோக்கி டாங்கிகள் முன்னேற வேண்டியிருந்தபோது, நான்கு நாட்கள் குண்டுவீச்சுக்கு இடையே கண்ணிவெடிகளையும் சாலைத் தடைகளையும் அகற்றி வழி அமைத்த பாம்பே சாப்பர்ஸின் இரண்டாம் லெப்டினன்ட் ராமா ராகோபா ராணே பரம்வீர் சக்ரா பெற்றார். அவர் படைவீரராகச் சேர்ந்து அதிகாரி நிலைக்கு உயர்ந்தவர் என்பதைப் பட்டதாரிகள் கவனிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் ஜெனரல் மனோஜ் பாண்டே தரைப்படைத் தலைமைத் தளபதியானபோது, அந்தப் பதவிக்கு வந்த முதல் பொறியாளர் படைப்பிரிவு அதிகாரி அவர்தான். இந்தப் பிரிவில் சேர்ந்தால் மேலே போக முடியாது என்ற பழைய பேச்சுக்கு அதன்பின் வலு குறைந்துவிட்டது.

வாசல்கள்

பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. தேசியப் பாதுகாப்பு அகாதெமியில் சேர யு.பி.எஸ்.சி. நடத்தும் என்.டி.ஏ. தேர்வு ஒன்று, 2022 முதல் பெண்களும் அதன் வழியாகச் சேர்கிறார்கள். மற்றொன்று ஆண்களுக்கான தொழில்நுட்ப நுழைவுத் திட்டமாகிய டி.இ.எஸ். இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றிலும் சேர்த்து 60 விழுக்காட்டு மதிப்பெண்ணும், ஜே.இ.இ. முதன்மைத் தேர்வு எழுதியிருப்பதும் அதற்குத் தேவை. வயது பதினாறரைக்கும் பத்தொன்பதரைக்கும் இடையில் இருக்க வேண்டும். இந்தத் திட்டத்தில் சேர்பவர், பொறியியல் படிப்பையே ராணுவச் செலவில் புனே, மாவ், செகந்திராபாத் ஆகிய இடங்களில் உள்ள ராணுவப் பொறியியல் கல்லூரிகளில் ஒன்றில் படிக்கிறார். கட்டணம் கட்டிப் படிக்க வைக்க வழியில்லாத குடும்பத்துப் பையன்களுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு இல்லை என்பது என் கருத்து. ஆயினும் நம் பள்ளிகளில் இதைப் பற்றி எடுத்துச் சொல்பவர்கள் மிகக் குறைவு.

பொறியியல் பட்டதாரிகளுக்கும் இறுதியாண்டு மாணவர்களுக்கும் உரிய வழிகளில் முதலாவது டி.ஜி.சி. எனப்படும் தொழில்நுட்பப் பட்டதாரி நுழைவு. அது திருமணமாகாத ஆண்களுக்கானது. டேராடூனில் உள்ள இந்திய ராணுவ அகாதெமியில் பயிற்சி, முடிவில் நிரந்தரப் பணி. இரண்டாவது எஸ்.எஸ்.சி. டெக் எனப்படும் குறுகிய காலப் பணி. அது ஆண், பெண் இருபாலருக்கும் உண்டு. சென்னைப் பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாதெமிதான் அதற்குப் பெயர்பெற்றது. பத்து ஆண்டுப் பணி, விரும்பினால் மேலும் நான்கு ஆண்டு நீட்டிப்பு, தகுதியிருந்தால் நிரந்தரப் பணிக்கு மாற்றம் என்பது அதன் அமைப்பு. பெண் அதிகாரிகளுக்கும் நிரந்தரப் பணி வழங்க வேண்டும் என்று 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டு நுழைவுகளுக்கும் வயது வரம்பு 20 முதல் 27 வரை. இடங்கள் பாடப்பிரிவு வாரியாக ஒதுக்கப்படுவதால், உங்கள் பட்டத்தின் பெயர் அறிவிக்கையில் இருக்கிறதா என்பதை எழுத்துக்கு எழுத்து பார்த்துக்கொள்ளுங்கள். நிபந்தனைகள் அவ்வப்போது மாறுவதால், யூடியூப் காணொளியை நம்பாமல் ராணுவ ஆள்சேர்ப்பு இணையதளத்தில் வெளியாகும் அறிவிக்கையையே படியுங்கள்.

ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த இரண்டு நுழைவுகளுக்கும் எழுத்துத் தேர்வு இல்லை. பட்டப்படிப்பின் மதிப்பெண் விழுக்காட்டைக் கொண்டே நேர்முகத்துக்கு அழைப்பவர்களின் பட்டியல் தயாராகிறது. இறுதியாண்டு மாணவர்களுக்கு ஆறாவது செமஸ்டர் வரையிலான மதிப்பெண் கணக்கில் வரும். ஆகவே, மூன்றாம் ஆண்டில் முடிவெடுத்து நான்காம் ஆண்டில் படித்துக்கொள்ளலாம் என்று இருப்பவருக்கு வாசல் ஏறக்குறைய மூடிவிட்டிருக்கும். அரியர் வைத்துக் கடைசியில் அள்ளி எடுக்கும் நம் கல்லூரிப் பழக்கம் இங்கே செல்லாது.

சீருடை இல்லாத வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். யு.பி.எஸ்.சி.யின் பொறியியல் பணித் தேர்வு வழியாக, எம்.இ.எஸ். அமைப்பின் குடிமைப் பொறியாளர் பணிக்கும் எல்லைச் சாலைகள் பொறியியல் பணிக்கும் செல்லலாம். வயது 21 முதல் 30 வரை, முதல்நிலை 500, முதன்மை 600, ஆளுமைத் தேர்வு 200 என மொத்தம் 1,300 மதிப்பெண். டிப்ளமோ படித்தவர்களுக்கு எஸ்.எஸ்.சி. இளநிலைப் பொறியாளர் தேர்வு இருக்கிறது. (குறுகிய காலப் பணிக்கும் பணியாளர் தேர்வாணையத்துக்கும் சுருக்கப்பெயர் ஒன்றே, விண்ணப்பிக்கும்போது குழப்பிக்கொள்ள வேண்டாம்.) டி.ஆர்.டி.ஓ.வில் விஞ்ஞானியாகச் சேர ‘கேட்’ (GATE) தேர்வின் மதிப்பெண் முக்கியம். ஆவடியில் அர்ஜுன் டாங்கியை உருவாக்கிய ஆய்வகமும், புனேயில் ராணுவப் பாலங்களை வடிவமைக்கும் ஆய்வகமும் முதல் வகைப் பெருமிதம் உடையவர்களுக்கு உரிய இடங்கள். நீண்ட காலம் நிற்பதைக் கட்ட விரும்புபவர் எல்லைச் சாலைகள் அமைப்பின் அடல் சுரங்கத்தை எண்ணிப் பார்க்கலாம். 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சுரங்கத்தில், சேரி நாலா என்ற ஓடைக்குக் கீழே நீர் பீறிட்ட, 600 மீட்டர்கூட இல்லாத பகுதியைக் கடப்பதற்கே பல ஆண்டுகள் பிடித்தன. 2020 அக்டோபரில்தான் அது திறக்கப்பட்டது.

எஸ்.எஸ்.பி.: ஐந்து நாட்கள்

பட்டியலில் பெயர் வந்தால் எஸ்.எஸ்.பி. என்னும் தேர்வு வாரியத்துக்கு அழைப்பு வரும். தென்னிந்தியர்களில் பலருக்குப் பெங்களூர் கிடைக்கும். போபால், பிரயாக்ராஜ், பஞ்சாபின் ஜலந்தர் ஆகிய இடங்களிலும் மையங்கள் உண்டு. முதல் நாளில் ஒரு நுண்ணறிவுத் தேர்வு. பின்பு மங்கலான ஒரு படத்தை முப்பது நொடி காட்டி, நான்கு நிமிடத்தில் அதைப் பற்றி ஒரு கதை எழுதச் சொல்லி, அதைக் குழுவில் விவாதிக்க வைப்பார்கள். வந்தவர்களில் பெரும்பகுதியினர் அன்று பிற்பகலே பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்புவார்கள். ஆங்கிலத்தில் பேசத் தயங்குவதாலேயே நம் மாணவர்கள் பலர் இந்த இடத்தில் விழுகிறார்கள். இலக்கண சுத்தமான ஆங்கிலம் தேவையில்லை, கருத்தை உரக்க, நேராக, பிறர் பேச்சை மடக்காமல் சொல்லத் தெரிந்தால் போதும். கொஞ்சம் இந்தியும் பழகிக்கொள்வது நல்லது. தேர்வுக்கு இல்லாவிட்டாலும் பின்னால் படைவீரர்களோடு பேசுவதற்குத் தேவைப்படும்.

இரண்டாம் நாள் உளவியல் தேர்வுகள். பன்னிரண்டு படங்களுக்குக் கதை, பதினைந்து நொடிக்கு ஒன்றாக அறுபது சொற்களுக்கு வாக்கியம், அரை மணி நேரத்தில் அறுபது சூழ்நிலைகளுக்குப் பதில், உங்களைப் பற்றிய விவரிப்பு ஆகியவை வரும். பயிற்சி மையங்களில் மனப்பாடம் செய்த வீரக் கதைகளை எழுதுவதைவிட, உங்கள் ஊரில், உங்கள் வாழ்வில் நடக்கக்கூடியதை எழுதுவது மேல். சொந்த அனுபவம் இல்லாதவருக்கு எழுத எதுவும் வராது. அதற்கு மாற்று, கல்லூரி நாட்களிலேயே ஏதாவது ஒரு பொறுப்பை ஏற்று முடித்துப் பார்ப்பதுதான்: என்.சி.சி., ஊர்த் திருவிழாவின் ஏற்பாடு, விடுதி உணவுக் குழு என எதுவானாலும் சரி.

மூன்றாம், நான்காம் நாட்களின் களத் தேர்வுகள் பொறியியல் மாணவருக்கு மிகவும் பொருத்தமானவை, அதே சமயம் மிகவும் ஆபத்தானவை. ஒரு பலகை, ஒரு மரக்கழி, ஒரு கயிறு ஆகியவற்றைக் கொடுத்து, தரையைத் தொடாமல் தடைகளைக் கடந்து ஒரு சுமையையும் குழுவினரையும் அக்கரை சேர்க்கச் சொல்வார்கள். தடைகளில் எந்த நிறப் பகுதியைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்பதற்கும், எவ்வளவு அகல இடைவெளியைத் தாண்டக் கூடாது என்பதற்கும் விதிகள் உண்டு. ஒரு முனையில் ஒருவர் நின்று எடை கொடுத்தால் மறுமுனையில் இன்னொருவர் நடக்கலாம் என்ற எளிய நெம்புகோல் கணக்குத் தெரிந்தால் பாதிப் புதிர் அவிழ்ந்துவிடும். எனவே பொறியியல் மாணவருக்கு விடை முதலில் தெரியும். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. விடை தெரிந்தவர் பலகையைப் பிடுங்கித் தாமே வைத்து, தாமே ஏறி, மற்ற எட்டுப் பேரையும் வேடிக்கை பார்க்க வைத்துவிடுகிறார். தேர்வு அதிகாரி பார்ப்பது விடையை அன்று. தம்முடைய யோசனையைவிட அடுத்தவரின் யோசனை மேலானது என்று தெரிந்ததும் அதை ஏற்று, கயிறைக் கட்ட முன்வருகிறாரா என்பதைப் பார்க்கிறார். பொறியாளரின் கர்வம் உதவியாக இருக்கிறதா, முட்டுக்கட்டையாக இருக்கிறதா என்பது இந்தப் புல்வெளியில் ஒளிக்க முடியாமல் தெரிந்துவிடும்.

நேர்முகத்தில் குடும்பம், படிப்பு, பொழுதுபோக்கு எல்லாம் கேட்டபின், பாடத்துக்கு வருவார்கள். அங்கே மாட்டிக்கொள்வது இறுதியாண்டு புராஜெக்ட். புராஜெக்ட் சென்டரில் பணம் கொடுத்து வாங்கிய மாதிரியையும் அறிக்கையையும் தம்முடையது என்று சொல்பவரிடம், இந்த மோட்டாரை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள், வேறு எதையெல்லாம் முயன்று கைவிட்டீர்கள் என்று இரண்டு கேள்விகள் கேட்டாலே போதும். ஆகவே சிறியதானாலும் சொந்தக் கையால் ஒன்றைச் செய்யுங்கள்: வீட்டுக் கிணற்று மோட்டாருக்கு ஒரு தானியங்கிச் சுவிட்ச், பள்ளிக்கூடத்துக்கு ஒரு சைக்கிள் நிறுத்தக் கூரை, எதுவாயினும் சரி. உங்கள் தெருவின் மேல்நிலைத் தொட்டி எத்தனை லிட்டர் கொள்ளும், ஊர் ஆற்றுப் பாலம் எந்த வகையைச் சேர்ந்தது, எவ்வளவு சுமைக்கு அனுமதி என்பவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கண்ணுக்கு எதிரே நிற்பதைப் பற்றி யோசிக்காத பொறியாளரிடம் யாருக்கும் நம்பிக்கை வராது.

ஐந்தாம் நாள் கலந்தாய்வில் முடிவு சொல்லிவிடுவார்கள். முதல் முறை தேறாதவர்கள் அடுத்தடுத்த முறைகளில் தேறுவது வழக்கமே. வயது இருக்கும்வரை முயலலாம்.

உடம்பு

பரிந்துரைக்கப்பட்டவர்களுக்கு ராணுவ மருத்துவமனையில் பரிசோதனை நடக்கும். பார்வை, தட்டைப் பாதம், முட்டி இடித்தல், அதிக எடை, காது மெழுகு என்று காரணங்கள் பலவகை; பற்களுக்குக்கூட 14 புள்ளிகள் என்ற குறைந்தபட்ச அளவு இருக்கிறது. இவற்றில் பாதி முன்கூட்டியே கவனித்தால் சரியாகக்கூடியவை என்பதால், விண்ணப்பிக்கும்போதே ஒரு மருத்துவரிடம் காட்டிக்கொள்ளுங்கள். தற்காலிகமாகத் தகுதியற்றவர் என்று சொல்லப்பட்டால் மேல்முறையீட்டு மருத்துவக் குழுவை நாடும் உரிமை உண்டு.

அகாதெமிக்குப் போகும்போது ஆண்கள் 2.4 கிலோமீட்டரைப் பத்தரை நிமிடத்தில் ஓடவும், 40 தண்டால், 6 புல்-அப் எடுக்கவும் தயாராக இருக்க வேண்டும். பெண்களுக்கு அந்த ஓட்டம் 13 நிமிடத்தில். நீச்சலின் அடிப்படையும் தெரிந்திருக்க வேண்டும். ஊரில் கிணறும் வாய்க்காலும் இருந்தும் நீந்தத் தெரியாமல் வளர்ந்த தலைமுறை இது. ஆற்றில் பாலம் போடப் போகிறவருக்கு நீச்சல் வெறும் சம்பிரதாயம் இல்லை.

அகாதெமிக்குப் பின்

பொறியியல் நுழைவில் சேர்ந்ததால் பொறியாளர் படைப்பிரிவே கிடைக்கும் என்ற உறுதி இல்லை. அகாதெமியில் நீங்கள் எடுக்கும் தரவரிசை, உங்கள் விருப்பம், படையின் தேவை ஆகிய மூன்றையும் வைத்து, சிக்னல்ஸ், மின்னணு மற்றும் இயந்திரப் பொறியாளர் படையாகிய இ.எம்.இ., சில சமயம் காலாட்படைகூட ஒதுக்கப்படலாம். இதை முன்பே மனத்தில் ஏற்காதவர்கள் ஏமாற்றத்துடன் பணியைத் தொடங்குகிறார்கள். சாப்பர் ஆவது உறுதியானவர்கள் புனேயின் தாபோடியில் உள்ள ராணுவப் பொறியியல் கல்லூரியில் இளம் அதிகாரிகளுக்கான பயிற்சி பெறுகிறார்கள். கண்ணிவெடி, தகர்ப்பு, பாலம், நீர் வழங்கல் ஆகியவை அங்கேதான் கைக்கு வரும். பின்னாளில் ஐ.ஐ.டி.களில் ராணுவச் செலவில் எம்.டெக். படிக்கும் வாய்ப்பும் உண்டு. துருப்பிடிக்கும் என்று பயந்தவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

படையணியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே, இருபது ஆண்டுகளாகப் பாலம் போட்ட ஒரு ஹவில்தார் உங்களுக்குக் கீழே இருப்பார். வளைவுத் திருப்புத்திறனைத் தாளில் கணக்கிட அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் இந்த மண்ணில் உருளையை வைத்தால் இறங்கிவிடும் என்பதை மிதித்துப் பார்த்தே சொல்லிவிடுவார். அவரிடம் கேட்பதால் அதிகாரியின் மதிப்புக் குறையாது, கேட்காமல் இருந்தால்தான் குறையும். அதே வேளையில், அவர் இது எப்போதும் செய்வதுதான் சார் என்று சொல்லும் ஒன்று கணக்குக்கு ஒத்துவராவிட்டால், நிறுத்து என்று சொல்லும் துணிவும் உங்களிடம் இருக்க வேண்டும். உங்கள் பட்டத்துக்கு அங்கே உள்ள உண்மையான பயன் இந்த இரண்டாவது இடத்தில்தான்.

எல்லா ஆண்டுகளும் பாலமும் வெடிமருந்துமாக இருக்காது. எம்.இ.எஸ். பணிக்கு அனுப்பப்பட்டால், கேரிசன் இன்ஜினியர் என்ற பொறுப்பில் ஒப்பந்தப்புள்ளிகள், முடிந்த வேலையை அளந்து பதியும் அளவுப் புத்தகம், தணிக்கைக் குறிப்புகள், குடியிருப்பின் ஒழுகும் கூரை, மூன்று நாளாக வராத குடிநீர் என்று நாள் போகும். புகார் சொல்பவர்கள் எல்லோரும் உங்களுக்கு மூத்த அதிகாரிகளாக இருப்பார்கள். வீரச் செயலுக்காகச் சேர்ந்தவர்கள் இதைத் தண்டனையாக நினைப்பதுண்டு. ஆனால் சிமெண்டின் தரத்தில் ஒப்பந்ததாரர் கை வைக்கும்போது அளவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட மறுப்பதற்கும் தறுகண்மை வேண்டும். அதற்குப் பதக்கம் கிடையாது, சில சமயம் இடமாற்றம்கூடக் கிடைக்கலாம்.

குறுகிய காலப் பணியில் சேர்பவர்கள் வெளியே வரும் நாளையும் முதலிலேயே திட்டமிட வேண்டும். பத்து அல்லது பதினான்கு ஆண்டுகளில் விலகினால் வழக்கமான ஓய்வூதியம் இல்லை, பணிக்கொடை உண்டு. அப்போது உங்கள் வயது முப்பதுகளின் நடுவில் இருக்கும். உடன் படித்தவர்கள் அதற்குள் தனியார் நிறுவனங்களில் பல படிகள் ஏறியிருப்பார்கள். பணியில் இருக்கும்போதே எம்.டெக். அல்லது திட்ட மேலாண்மைச் சான்றிதழ் ஒன்றை முடித்துக்கொள்ளுங்கள். நீங்கள் பொறுப்பேற்ற கட்டுமானங்களின் அளவு, செலவு, காலம் ஆகியவற்றை, ரகசியம் அல்லாதவற்றை மட்டும், ஆண்டுதோறும் எழுதி வையுங்கள். விலகும் அதிகாரிகளுக்காக மறுவாழ்வு இயக்குநரகம் ஐ.ஐ.எம். போன்ற நிறுவனங்களில் மேலாண்மைப் படிப்புகளை ஏற்பாடு செய்கிறது. இடங்கள் குறைவு என்பதால், கடைசி ஆண்டுவரை காத்திராமல் விதிகள் அனுமதிக்கும் முதல் வாய்ப்பிலேயே அதற்கு விண்ணப்பித்துவிட வேண்டும்.